ஒன்பது மணிப் பால்

நவம்பர் 4, செவ்வாய்

குழந்தையின் சிகிச்சை தொடர்பான நிகழ்வுகளை அவை நடந்த அன்றே எழுதி வைப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். பின்னாளில் யாரேனும் எதையேனும் மறுத்தால் கையில் ஒரு பதிவு இருக்க வேண்டும். யார், எதை மறுப்பார்கள் என்பது இப்போது தெரியவில்லை.

விவரம் வருமாறு. என் மகள் ஆதிரைக்கு ஐந்து மாதம். எடை ஐந்து கிலோ நூறு கிராம். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு: நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழி குறுகலாக இருக்கிறது, கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் ஓட்டை இருக்கிறது. அழுதால் உதடு நீலமாகிறது. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு எடை போதாது. ஆகவே தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, குறுகலான இடத்தைப் பலூனால் விரித்து ஸ்டென்ட் வைக்க வேண்டும். முழு மயக்கத்தில் செய்வது.

ஈரோட்டில் இன்று பார்த்த இருதய மருத்துவர் சொன்னார்: "குழாய் போடறத விட இத்துனூண்டு கொழந்தைக்கு மயக்கம் குடுக்கறதுதானுங்க கஷ்டம். அதுக்குன்னே கோயம்புத்தூர்ல ஒருத்தர் இருக்காரு."

"ஜெரோம் சாருங்களா?" என்று கேட்டாள் கோகிலா.

மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன்பே அவள் சொன்னாள். சொன்னபோது, ஒரு மாதமாக இறுகியிருந்த அவளுடைய தோள்கள் தளர்ந்ததை நான் கண்டேன். திருமணத்திற்கு முன் அவள் கோயம்புத்தூரில் அந்த மருத்துவமனையின் கேத் லேப்பில், அதாவது இதயத்துக்குள் குழாய் செலுத்தும் பிரிவில், நான்கு ஆண்டுகள் செவிலியராக இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எங்களுக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

நவம்பர் 10, திங்கள்

கோபியிலிருந்து கோயம்புத்தூருக்குக் காரில் இரண்டு மணி நேரம். மயக்க மருந்து மருத்துவரின் ஆலோசனை அறைக்கு வெளியே காத்திருக்கும்போது, வழியில் போன செவிலியர் இருவர் நின்று "வாணிக்கா!" என்றார்கள். சற்று நேரத்தில் நால்வர் ஆயினர். வீட்டில் அவளைக் கோகிலா என்போம். கோகிலவாணி என்ற பெயரின் பின்பாதியை இந்தக் கட்டடம் எடுத்து வைத்திருப்பதை இன்றுதான் அறிந்தேன். அவர்கள் அவளைத் தங்கள் ஓய்வறைக்கு டீ குடிக்க அழைத்துச் சென்றார்கள். குழந்தையோடும் கோப்போடும் நான் நாற்காலியில் இருந்தேன். உள்ளேயிருந்து அவள் சிரிப்பு மூன்று முறை கேட்டது. இரண்டாவது சிரிப்பின் காரணத்தை அவள் சொல்லவில்லை.

டாக்டர் ஜெரோம் தூத்துக்குடிக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். கறுத்தவர், உயரம் குறைவு, முன்னந்தலையில் முடி உதிர்ந்துவிட்டது. தோற்றத்தில் குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை. இதை இரண்டு முறை சரிபார்த்தேன்.

பதினேழு கேள்விகளைத் தட்டச்சு செய்து எடுத்துச் சென்றிருந்தேன். அவர் ஒன்றையும் ஒதுக்காமல் பதில் சொன்னார். ஐந்தாவது கேள்வி: மயக்கத்தில் இரத்த அழுத்தம் இறங்கினால் என்ன ஆகும்?

"அதுதான் சார் எங்களுக்குப் பயமே. உடம்புல அழுத்தம் இறங்கிட்டுன்னா ரத்தம் நுரையீரலுக்குப் போகாம ஓட்டை வழியா அந்தப் பக்கம் பாஞ்சிரும். பிள்ளை நீலமாயிரும். ஸ்பெல்னு சொல்லுவோம். ரெண்டு காரியம் பாத்துக்கிடணும். பிள்ளை அழக்கூடாது, காயக்கூடாது. வயித்துல பால் இருந்தா மயக்கத்துல ஆபத்து. ஆனா ரொம்ப நேரம் பட்டினி போட்டா ரத்தம் கெட்டியாகி அதைவிட ஆபத்து."

நான் "அழக்கூடாது, காயக்கூடாது" என்று எழுதிக்கொண்டேன். என் கேள்விகள் முடியப் பதினோரு நிமிடம் ஆயிற்று. கோகிலா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மாஸ்க்ல கேஸ் குடுத்துத் தூங்க வெச்சுட்டு லைன் போடுவீங்களா சார், இல்ல கீட்டமின் ஊசியா?" அந்தப் பதிலுக்கு ஒன்பது நிமிடம். அதில் பாதி எனக்குப் புரியாத சொற்கள். புரிந்த பாதி, பழைய நோயாளிகளைப் பற்றியது. "பொள்ளாச்சிப் பிள்ளை ஞாபகம் இருக்கா?" என்று அவர் கேட்க, "பவானிப் பையனுங்க சார்" என்று இவள் திருத்தினாள். அவர் ஒப்புக்கொண்டார்.

அதுவரை என் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தையை அவர் வாங்கிக்கொண்டார். "ஏட்டி, என்னத்துக்கு அழுத?" என்று கேட்டபடி ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, பிறகு அதன் மார்பில் வைத்தார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தது. ஐந்து மாதமாக நான் பல வழிகளில் முயன்று பெறாத அமைதி அது.

"தூங்க வைக்கையில நீ உள்ள வா, வாணி. நீ பிடிச்சா எனக்கு ஒரு கை மிச்சம்," என்றார் கிளம்பும்போது.

ஒருமையில் அழைக்கிறார் என்பதைக் குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மருத்துவமனையின் இணையதளத்தைப் பார்த்தேன். டாக்டர் ஜெரோமுக்குப் பத்தொன்பது ஆண்டு அனுபவம் என்றிருக்கிறது. மணமானவரா என்பதற்கு அதில் குறிப்பு இல்லை. நான் அனுபவத்தைத் தெரிந்துகொள்ளவே பார்த்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மாலை. கோகிலா குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டாக்டர் எல்லாரையும் ஒருமையிலதான் கூப்பிடுவாரா?" என்று பொதுவாகக் கேட்டேன்.

"கூட வேலை செய்யறவங்களை அப்படித்தானுங்க."

"நீ இப்ப அங்க வேலை செய்யலையே."

"ஆமாங்க. செய்யலை."

இரண்டு துணிகளை மடித்தாள். மூன்றாவதை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அவருக்கு ரெண்டு பொண்ணுங்க. சம்சாரம் பள்ளிக்கூடத்து டீச்சர். ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுக்குப் போவாரு. வேற ஏதாச்சும் தெரியணுமுங்களா?"

வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று சொன்னேன்.

அவள் வேலையை விட்டது குறித்து: அது இரு குடும்பத்தாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. பேச்சு நடந்தபோது அவள் அங்கே இருந்தாள். காபி கொண்டுவந்து வைத்தாள். மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

கோபி நீதிமன்றம். நான் நடத்தும் பாகப்பிரிவினை வழக்கு மீண்டும் ஒத்திவைப்பு. எதிர்த்தரப்பு அண்ணன் தம்பிகள் வரப்புத் தகராறை மறந்து சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வரும் வழியில் குழந்தைக்குக் கம்பளித் தொப்பி வாங்கினேன். கேத் லேப்பில் குளிர் அதிகமாம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கோகிலா கைபேசியில் "வெக்கறனுங்க சார்" என்று சொல்லி முடித்தாள். யார் என்று நான் கேட்கவில்லை. பேசிய நேரம் மூன்று நிமிடம் நாற்பது நொடி என்று திரையில் இருந்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சிகிச்சை என்று இருதய மருத்துவர் உறுதி செய்தாராம். அவளாகவே சொன்னாள்.

நவம்பர் 19, புதன்

நாளை சிகிச்சை. வார்டில் காய்ச்சல்காரக் குழந்தைகள் அதிகம் என்பதால், முந்தின நாளே அனுமதிக்காமல் காலையில் வரச் சொல்லிவிட்டார்கள். மருத்துவமனைக்கு எதிரேயுள்ள விடுதியில் அறை எடுத்திருக்கிறோம். அச்சிட்ட அறிவுரைத் தாள் என்னிடம் உள்ளது: காலை எட்டு மணிக்கு வர வேண்டும்; சிகிச்சைக்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து பால் எதுவும் கூடாது. பதினோரு மணிக்குச் சிகிச்சை. ஆகவே ஐந்து மணியோடு பால் நிறுத்தம்.

மாலை ஆறு பத்துக்குக் கோகிலாவின் கைபேசி ஒலித்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன்.

"வாணி, நாளைக்கு..." என்று தொடங்கியவர், என் குரலைக் கேட்டதும், "ஓ, சாரா? ஜெரோம் பேசுதேன். அவகிட்டச் சொல்லிருங்க. நாளைக்கு நம்ம பிள்ளை ரெண்டாவது கேஸ். உள்ள போக ஒரு மணி ஆயிரும். எட்டு மணிக்கு வந்து உக்கார வேண்டாம், பத்து மணிக்கு வந்தாப் போதும். ஒன்பது மணி வரைக்கும் தாய்ப்பால் கொடுக்கலாம். பதினோரு மணி வரைக்கும் சர்க்கரைத் தண்ணி. காயப் போட்டுரக் கூடாது. வாணிக்குத் தெரியும்," என்றார்.

சரி என்றேன். வைத்துவிட்டார்.

கோகிலா தலை துவட்டிக்கொண்டே வந்து, "போன் வந்துச்சுங்களா?" என்றாள்.

"கோர்ட் விஷயம்," என்றேன்.

இவ்வாறு சொன்னதற்கான காரணங்களை எழுதுகிறேன். ஒன்று, மருத்துவமனை முத்திரையோடு அச்சிட்ட தாள் என் கையில் இருக்கிறது. எழுத்தில் உள்ள ஆவணத்தை வாய்மொழி கொண்டு மாற்ற இயலாது என்பது சாட்சியச் சட்டத்தின் அடிப்படை. இரண்டு, மாற்றம் உண்மையென்றால் மருத்துவமனை முறைப்படி அறிவித்திருக்கும்; ஒரு மருத்துவர் ஒரு பெண்ணின் சொந்த எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மூன்று, வயிற்றில் பால் இருப்பது ஆபத்து என்று அவரே சொல்லியிருக்கிறார். எச்சரிக்கையின் பக்கம் சாய்வதால் யாருக்கும் கேடில்லை.

நான்காவது காரணம் இல்லை.

இருவரும் இட்லி வாங்கிச் சாப்பிட்டோம். "நம்ம பிள்ளை" என்றார் அவர்.

நவம்பர் 20, வியாழன்

நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

ஐந்து மணிக்குக் கோகிலா பால் கொடுத்தாள். எட்டுக்குச் சென்றோம். வரவேற்ற செவிலியர் புதியவர், "கடைசியா எப்பங்க பால்?" என்று கேட்டு, ஐந்து மணி என்று எழுதிக்கொண்டு போனார். டாக்டர் ஜெரோம் முதல் நோயாளியோடு உள்ளே இருந்தார். பத்து மணிக்குக் குழந்தை பசியில் அழத் தொடங்கியது. பத்தரைக்குக் கோகிலா எழுந்தாள்.

"முதல் கேஸ் இழுக்குது போல. ரொம்பக் காயுறா. சர்க்கரைத் தண்ணியாச்சும் குடுக்கலாமான்னு சார்கிட்ட உள்ள கேட்டுட்டு வரச் சொல்லட்டுமுங்களா?"

"எழுதிக் குடுத்திருக்காங்கல்ல. நடுவுல அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு," என்றேன்.

"அஞ்சரை மணி நேரம் ஆச்சுங்க."

"பதினொண்ணுக்குன்னுதானே சொன்னாங்க. இன்னும் அரை மணி. நாமளா ஏதாச்சும் குடுத்து உள்ள போயி ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

பழைய நாளாக இருந்தால் அவள் கேட்டிருக்க மாட்டாள். நேரே உள்ளே போயிருப்பாள். மூன்றாண்டு வீட்டில் இருந்தவள் உட்கார்ந்துவிட்டாள். பதினொன்று ஆயிற்று. கூப்பிடவில்லை. பதினொன்றரை ஆயிற்று. கூப்பிட மாட்டார்கள் என்பது அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும் தெரியும். கோகிலா கேட்ட ஒவ்வொரு முறையும் புதிய செவிலியர், "இன்னும் கொஞ்ச நேரந்தானுங்க்கா," என்றார். குழந்தையை என் மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். அதன் நாக்கு உலர்ந்து வெண்மையாக இருந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு அது அழுகையின் நடுவே ஆழமாக மூச்சு வாங்கத் தொடங்கியது. உதடு நாவற்பழம் தின்றதைப்போல் ஆயிற்று. பிறகு நகங்கள், பிறகு முகம். பிறகு அழுகை நின்றது. குழந்தை அமைதியடைந்துவிட்டது என்று எண்ணினேன்.

கோகிலா குழந்தையை என் மடியிலிருந்து பறித்தாள். அதன் முழங்கால் இரண்டையும் மார்போடு மடக்கித் தன் தோளில் அழுத்திக்கொண்டு, குரலை உயர்த்தாமல், "ஸ்பெல். ஜெரோம் சாரைக் கூப்பிடு. ஆக்சிஜன் குடு," என்றாள். புதிய செவிலியர் ஓடினார்.

முதல் நோயாளியின் சிகிச்சையை அப்போதுதான் முடித்திருந்த டாக்டர் ஜெரோம், கதிர்வீச்சைத் தடுக்கும் கனத்த ஈய மேலாடையோடு வெளியே வந்தார். "கடைசிப் பால்?"

"அஞ்சு மணிங்க சார்."

"ஒன்பதுக்குக் கொடுக்கலையா?"

கோகிலா அவரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிக்கும் குறைவு. பிறகு குனிந்துவிட்டார்.

தொடையில் மயக்க ஊசி. முகத்தில் ஆக்சிஜன். காலில் நரம்பு தேடி ஊசிக்குழாய். அவர் கை நீட்டும் முன் கோகிலா எடுத்துக் கொடுத்தாள். எந்த இழுப்பறையில் எது என்பதைப் பாராமலே திறந்தாள். குழந்தையின் விரலில் மாட்டிய கருவி இரத்தத்தில் ஆக்சிஜன் முப்பத்தெட்டு என்று காட்டியது. எழுபதுக்கு மேல் இருக்க வேண்டுமாம். உப்பு நீர் ஏறியது. இன்னொரு மருந்து ஏறியது. "நாப்பத்தாறு," என்றாள் அவள். "ம்," என்றார் அவர். "அம்பத்தஞ்சு." "ம்." "எழுபத்தொண்ணு சார்." அவர் நெற்றியைத் தன் தோளில் துடைத்துக்கொண்டார்.

அந்த நிமிடங்களில் அவர்கள் பேசிய சொற்கள் இருபது தேறாது. என் மகள் நீலமாகிக் கிடந்த அந்த நேரத்திலும், அவர்கள் இருவருடைய நான்கு கைகளும் ஒன்றோடொன்று மோதாமல் வேலை செய்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும், அதிலிருந்து என் கண்ணை எடுக்க முடியவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அப்படியே மயக்கத்தோடு உள்ளே கொண்டுசென்றார்கள். கோகிலா உடன் சென்றாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். இரண்டரை மணி நேரம். ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. ஆக்சிஜன் அளவு எண்பத்தெட்டு.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கோகிலா அவரிடம் கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஒம்பது மணின்னீங்களே சார். எனக்கு ஒண்ணும் சொல்லலீங்களே?"

அவர் மறுபடி என்னைப் பார்த்தார். இம்முறை நீண்ட நேரம். சொல்வதற்கு எனக்குப் போதுமான கால அவகாசம் இருந்தது.

"நேத்து கூப்பிட நெனச்சேன், வாணி. விட்டுப் போச்சு. என் தப்பு," என்றார்.

நவம்பர் 21, வெள்ளி

செயற்கை சுவாசக் குழாயை எடுத்தபின் குழந்தை நன்றாக இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் அனுமதி. கோகிலா உள்ளே.

மதியம் மருத்துவமனையின் தரக் கண்காணிப்பு அலுவலர் என்னை அழைத்தார். கண்ணாடி அணிந்த, பொறுமையான பெண்மணி. காத்திருக்கும் இடத்தில் குழந்தை அபாய நிலைக்குச் சென்றதால் விசாரணை நடத்த வேண்டுமாம். டாக்டர் ஜெரோமே எழுதிக் கொடுத்துவிட்டார்: மாற்றிய பால் நேரத்தைப் பெற்றோருக்குத் தெரிவிக்கத் தவறியது தாம் என்று.

"நீங்க படிச்சுப் பாத்துட்டு, எங்களுக்கு எந்தத் தகவலும் வரலைன்னு கீழ ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும் சார்."

"போட்டா அவருக்கு என்ன ஆகும்?"

"விசாரணை முடியற வரைக்கும் கொழந்தைங்க கேஸ்ல இருந்து நிறுத்தி வெப்பாங்க. ரெண்டு மூணு மாசம் ஆகலாம். சர்வீஸ் ரெக்கார்டுல ஏறும்."

படிக்க அவகாசம் கேட்டுத் தாளை வாங்கி வந்தேன். சட்டத் தொழிலில் இருப்பவனுக்கு இதன் மதிப்புத் தெரியும். எதிர்த்தரப்பு தன் கையால் எழுதிய ஒப்புதல். நான் கேட்காமலே கிடைத்தது. இனி அந்தப் பெயரை என் வீட்டில் யாரும் தோள் தளரச் சொல்ல மாட்டார்கள்.

மாடிப்படியில் அவரைச் சந்தித்தேன். சந்தித்தேன் என்பது சரியல்ல, காத்திருந்தேன்.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"அந்த நேரத்துல அவ கை நடுங்கக் கூடாது, சார். பிள்ளைக்கு ரெண்டு நாளைக்கு அவ முழுசா வேணும். பெறகு நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

"எழுதியும் குடுத்திட்டீங்களே."

"நான் சொன்னது போய்ச் சேந்துச்சான்னு பாக்க வேண்டியது என் வேலைதான. இன்னொரு வாட்டி கூப்பிட்டுருக்கணும். வார்டுலயும் எழுதி வச்சிருக்கணும். அந்த அளவுக்கு என் தப்பு உண்டு." இரண்டு படி இறங்கி நின்றார். "அடுத்த வாரம் பட்டியல்ல மூணு பிள்ளைங்க இருக்கு. மெட்ராஸ்லேந்து ஆள் வரணும். வருவாங்களான்னு தெரியல."

என்னைக் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்தப் பெருந்தன்மையும் அவருடையதாகவே போயிற்று. அதிலும் எனக்குப் பங்கில்லை.

நவம்பர் 22, சனி

குழந்தை வார்டுக்கு வந்துவிட்டது. பால் குடித்தது. மதியம் அது உறங்கும்போது கோகிலாவிடம் சொன்னேன். தயாரித்து வைத்திருந்த வாக்கியங்களில் முதலாவதையே சொல்ல முடிந்தது. பிறகு அவள் கேட்டாள்.

"எத்தனை மணிக்குக் கூப்பிட்டாரு?"

"ஆறு பத்து."

"நான் எங்க இருந்தேன்?"

"குளிச்சுக்கிட்டு இருந்தே."

"குளிச்சுட்டு வந்தேன்ல?"

"வந்தே."

"வந்து, போன் வந்துச்சான்னு கேட்டேன்."

"கேட்டே."

"கோர்ட் விஷயம்னீங்க."

"ஆமா."

"அப்பறம் உக்காந்து இட்லி சாப்பிட்டோம்."

"சாப்பிட்டோம்."

"காலைல பத்தரைக்குச் சர்க்கரைத் தண்ணி குடுக்கலாமான்னு கேட்டேன். அப்பவும் ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவ ஒங்க மடியிலதான் இருந்தா."

"இருந்தா."

பதினோரு ஆண்டுகளில் எத்தனையோ பேரைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். 'ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்' என்பேன். அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு மனிதன் நிற்க இடமே இல்லை என்பது கூண்டில் நிற்பவனுக்குத்தான் தெரியும்.

"எதுக்குங்க?" என்றாள்.

அச்சிட்ட தாளில் ஆறு மணி நேரம் என்று இருந்தது என்றேன்.

"தாள் கெடக்கட்டும். எதுக்கு?"

அவள் குழந்தையின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. மாலை வரை, குழந்தையின் மருந்து நேரம் தவிர வேறெதுவும் பேசவில்லை. அதையும் செவிலியரிடமே பேசினாள்.

நவம்பர் 23, ஞாயிறு

எழுத எதுவும் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

காலை பத்து மணிக்குத் தரக் கண்காணிப்பு அலுவலரின் அறைக்குச் சென்றேன். அவர் கொடுத்த தாளைக் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். பத்தொன்பதாம் தேதி மாலை ஆறு பத்துக்கு டாக்டர் ஜெரோம் தகவலைத் தெளிவாகத் தெரிவித்தார், அதைக் கேட்டுக்கொண்டவன் நான், என் மனைவியிடம் சொல்லவில்லை, அவள் கேட்டபோது பொய் சொன்னேன், மறுநாள் காலை அவள் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க விரும்பியபோதும் தடுத்தேன். அழைப்பு வந்த நேரம் கைபேசியில் இருக்கிறது. அதன் படமும் இணைப்பு.

அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாம் முறை படித்தார்.

"நீங்க வக்கீலுங்களா சார்?"

"ஆமாங்க."

"இதக் குடுத்தா ஒங்க மேல..."

"தெரியுமுங்க."

அவர் கணினியில் பதிவு செய்யத் தொடங்கினார். தகவல் பெற்றவர். நேரம். அடுத்த கட்டத்தில் நின்றார்.

"காரணம் போடணுமுங்க சார். இதுல நாலஞ்சு குடுத்திருக்காங்க. மறதி, மொழி புரியாமை, தகவல் தெளிவின்மை, உதவிக்கு ஆளில்லாமை. மறதின்னு போட்டுரட்டுங்களா?"

"இல்லீங்க. மறக்கலை."

"அப்ப என்னங்க?"

அச்சிட்ட தாளைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். சாட்சியச் சட்டத்தின் பிரிவுகூட நாக்கு நுனியில் இருந்தது.

"பொறாமைங்க," என்றேன்.

விசைப்பலகையின் மேல் அவருடைய விரல்கள் அப்படியே இருந்தன. "யாரு மேலங்க?"

"ரெண்டு பேரு மேலயும்."

அப்படிச் சொல்லும்வரை அது இரண்டு பேர் மீது என்று எனக்கே தெரியாது. அவர் மேல் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அவள் கைக்கு இழுப்பறைகள் தாமாகத் திறந்ததே, அந்த வேலையில் அவள் என்னைவிடப் பெரியவளாக நின்றாளே, அதன் மேலும். ஒருவேளை அதன் மேல்தான் முதலில்.

"அப்படி ஒரு தலைப்பு இல்லீங்களே சார்," என்றார் அவர் தணிந்த குரலில். சற்று யோசித்து 'மற்றவை' என்பதைத் தெரிவு செய்தார். அதன் எதிரே விளக்கம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். செய்தார். கையெழுத்திட்டேன்.

நகலைக் கோகிலாவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மடித்துக் குழந்தையின் மருந்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 26, புதன்

டாக்டர் ஜெரோமின் மேல் நடவடிக்கை இல்லை என்று அலுவலர் தெரிவித்தார். நாளைய பட்டியலில் அவர் இருக்கிறார்.

இன்று வீடு திரும்புகிறோம். வீடு திரும்புகிறேன் என்பதே சரி. கோகிலாவும் குழந்தையும் பீளமேட்டில் அவளுடைய அக்கா வீட்டில் இரண்டு மாதம் இருப்பார்கள். வாரம் ஒருமுறை பரிசோதனை இருக்கிறது என்பது ஒரு காரணம். "வர்ற மாசம் கேத் லேப்ல பகல் ஷிப்ட்டுக்கு ஆள் எடுக்கறாங்க. எழுதிக் குடுத்துட்டேனுங்க," என்று காலையில் சொன்னாள். என் சம்மதத்தைக் கேட்கவில்லை, செய்தியாகத்தான் சொன்னாள். சரி என்றேன். அது தேவைப்படாத சொல்.

மதியம் டாக்டர் ஜெரோம் வார்டுக்கு வந்தார். குழந்தை என் கையில் இருந்தது. அதன் உதட்டை இழுத்துப் பார்த்து, "ஏட்டி, கலரு வந்துட்டே உனக்கு," என்றார். அது சிரித்தது. வழக்கம்போல் எனக்குள் ஒன்று குத்தியது. இப்போது அதன் பெயர் எனக்குத் தெரியும் என்பது தவிர வேறு மாற்றம் இல்லை.

அவர் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். வேண்டுமென்றேதான் என்னிடம் திரும்பினார் என்று நினைக்கிறேன். ஒரு மனிதனுக்கு அவன் இடத்தைத் திருப்பித் தருவதைப்போல.

"சார், ரத்தம் உறையாம இருக்குறதுக்கு இந்த மாத்திரை. காலைல கால் பங்கு. தண்ணியில கரைச்சு..."

"சார்," என்றாள் கோகிலா. கட்டிலில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்கும் குரல். "அவருகிட்டச் சொல்லாதீங்க. எங்கிட்டச் சொல்லுங்க."

அவர் ஒரு கணம் தயங்கினார். நான் தலையசைத்தேன். சீட்டோடு அவர் அவள் பக்கம் போனார்.

நான் குழந்தையை ஏந்திக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கும் வரை நின்றேன்.